நாய் நொண்டுகிறதா? மாத்திரைக்கு முன் நடக்கவிட்டுப் பாருங்கள்!

'எங்கள் வீட்டு நாட்டு நாய்க்கு 9 வயது. ஆட்டுப்பட்டிக்கு அதுதான் காவல். ஒரு மாதமாகக் காலையில் எழுந்திருக்கும்போது பின்னங்காலை இழுக்கிறது. எனக்கு மூட்டுவலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையில் பாதியைச் சோற்றில் வைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. தொடர்ந்து கொடுக்கலாமா?'

காட்டுமன்னார்கோவில் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வி இது. கேள்வி-பதில் பகுதியில் நான்கு வரியில் அடங்காது என்பதால் தனியாக எழுதுகிறேன். ஆனாலும், அந்த நான்கு வரியை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கொடுக்கக் கூடாது. இன்றைக்கே நிறுத்துங்கள். நாய் வாந்தி எடுக்கிறதா, சாப்பாட்டை ஒதுக்குகிறதா, மலம் தார்போலக் கறுப்பாகப் போகிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். போகும்போது மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துப்போங்கள்.

நான் வேளாண்மை படித்தவன். மருந்து எழுதுவது கால்நடை மருத்துவரின் வேலை. அதில் நான் கை வைக்கப்போவதில்லை. ஆனால், வயல் பார்க்கப் போகிற இடத்தில் நெல்லுக்கு அடுத்தபடியாக ஆடு, மாடு, நாய் பற்றித்தான் கேட்கிறார்கள். நாயை மருத்துவரிடம் கொண்டுபோகிறவர்களில் பெரும்பாலானோருக்கு 'எந்தக் கால்?' என்ற முதல் கேள்விக்கே பதில் தெரிவதில்லை. 'பின்னாடி ஏதோ சார்' என்பார்கள். மருந்தகத்துக்குள் நுழைந்ததும் நாய் பயத்தில் வாலைச் சுருட்டிக்கொண்டு நான்கு காலிலும் ஒழுங்காக நடந்து காட்டும். வலியெல்லாம் வீட்டிலேயே தங்கிவிடும். அதனால், நொண்டலை அடையாளம் காணும் பாதி வேலை வீட்டு வாசலில்தான் நடக்க வேண்டும்.

அந்தப் பாதி மாத்திரை என்ன செய்யும்?

மூட்டுவலிக்கு நாம் சாப்பிடும் டைக்ளோஃபினாக், இப்யூபுரோஃபென் போன்றவை நாயின் உடம்பில் நம் உடம்பில் நடப்பதுபோல நடந்துகொள்வதில்லை. வயிற்றுச் சுவரில் புண்ணாகி ரத்தம் கசியும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையும். வலி குறைந்து நாய் இரண்டு நாள் ஓடுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவோம். உள்ளே புண் வந்துகொண்டிருக்கும். ஏற்கெனவே மூட்டில் ஜவ்வு பாதி கிழிந்திருந்தால், வலி தெரியாமல் ஓடி முழுவதும் கிழித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

நாய்க்குப் பயன்படுத்துகிற மருந்து என்றாலும் அளவுதான் எல்லாம். மெலாக்சிகாம் மனிதருக்கும் உண்டு, நாய்க்கும் உண்டு. தொடர்ந்து கொடுக்கும்போது நாய்க்கு வழக்கமான அளவு கிலோ எடைக்கு 0.1 மில்லி கிராம். 20 கிலோ நாய் என்றால் ஒரு நாளைக்கு 2 மில்லி கிராம். மெடிக்கலில் மனிதருக்கு விற்கும் மாத்திரை 15 மில்லி கிராமிலும் வருகிறது. முழு மாத்திரை கொடுத்தால் ஏழு மடங்குக்கும் மேல். 'பாதிதானே சார் கொடுத்தேன்' என்றாலும் மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. நோய் வந்த நெல்லுக்கு ஏக்கர் கணக்குப் பார்த்து மருந்து அளக்கிற நாம், நாய்க்கு மட்டும் கண்ணளவில் கொடுப்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

டைக்ளோஃபினாக் பற்றி இன்னொன்று. மாட்டுக்கு அந்த ஊசி போட்டு, மாடு இறந்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006-ம் ஆண்டு கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த மத்திய அரசு தடை போட்டது. மனிதருக்கான பெரிய பாட்டில்கள் மாட்டுக்குப் போவதைத் தடுக்க, 2015-ல் 3 மில்லி ஒற்றை வேளை ஊசியாக மட்டுமே விற்க வேண்டும் என்றும் கட்டுப்படுத்தினார்கள். 'கைவசம் இருக்கிறது, போட்டுவிடலாம்' என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை

காலைத் தொட்டுப் பார்க்கும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். திடீரென்று பின்னங்கால்கள் தள்ளாடுகின்றனவா? தாடை தொங்கி எச்சில் வழிகிறதா? குரைப்பு மாறி, தண்ணீர் விழுங்கத் திணறுகிறதா? சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ முன் வேறு நாயோ நரியோ கடித்ததா? இப்படி இருந்தால் அது நொண்டலே இல்லாமல் வெறிநோயாக இருக்கலாம். வெறிநோய் என்றால் நாய் பாய்ந்து பாய்ந்து கடிக்கும் என்று மட்டும் நினைக்கிறோம். சத்தமில்லாமல் கால் விழுந்து, வாய் விழுந்து சாகிற வகையும் உண்டு. 'தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது' என்று வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட நாயைத் தொடாமல் அடைத்துவைத்துவிட்டு மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். எச்சிலோ கடியோ பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். முன்பு எப்போதோ போட்ட ஊசியை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

சந்தையில் மாடு பார்ப்பதுபோல

சந்தையில் உழவு மாடு வாங்கும்போது, நடக்கவிட்டுப் பார்க்காமல் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவோமா? முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை என்று நடத்திப் பார்த்தபிறகுதானே விரலைப் பிடிப்போம். நாய்க்கும் அதே பார்வைதான்.

களம் அல்லது சிமென்ட் ரோடு போன்ற மேடுபள்ளமில்லாத இடம் வேண்டும். வெயில் ஏறிய தார் ரோடு கூடாது. உள்ளங்கால் சுட்டாலே நாய் நொண்டும். கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு ஒருவர் நடக்க, இன்னொருவர் பார்க்க வேண்டும். கயிற்றை இழுத்துப் பிடித்தால் தலையாட்டம் தெரியாது. முதலில் மெதுநடை, பிறகு சிறு ஓட்டம். சிறிய வலி நடையில் தெரியாது, ஓட்டத்தில்தான் தெரியும். இரண்டு பக்கமும் வட்டம் போடச் செய்யுங்கள்; வலியுள்ள கால் வட்டத்தின் உள்பக்கம் வரும்போது பெரும்பாலும் நொண்டல் கூடும்.

நிற்கும் நாய் தன் எடையில் ஏறத்தாழ 60 சதவிகிதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. ஒவ்வொரு முன்னங்காலுக்கும் 30, ஒவ்வொரு பின்னங்காலுக்கும் 20 என்று வைத்துக்கொள்ளலாம். அதனால், முன்னங்காலில் வலி என்றால் அது தலையில் எழுதியதுபோலத் தெரிந்துவிடும். வலிக்கிற கால் தரையில் படும்போது நாய் தலையைத் தூக்கி எடையைக் குறைக்கும். நல்ல கால் படும்போது தலை தாழும். தலை எந்தக் காலில் தாழ்கிறதோ அது நல்ல கால். நம் ஊரில் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, நல்ல காலைத்தான் பிடித்து உருவிவிடுகிறார்கள்.

பின்னங்கால் என்றால் பின்னாலிருந்து இடுப்பைப் பாருங்கள். வலியுள்ள பக்கத்து இடுப்பு அதிகமாக ஏறி இறங்கும். அந்தக் கால் எட்டி வைக்காது. குறுகிய அடியாக வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்துவிடும். இதில் ஒரு குழப்பம் வரும். இடது பின்னங்காலில் வலி உள்ள நாய், அந்தக் கால் தரையில் படும்போது எடையை முன்னால் தள்ளத் தலையைத் தாழ்த்தும். சிறு ஓட்டத்தில் இடது பின்னங்காலும் வலது முன்னங்காலும் ஒன்றாகத்தான் தரையில் படும். பார்ப்பவருக்கு இடது முன்னங்கால் நொண்டுவதுபோலத் தோன்றிவிடும். ஆகவே, தலையை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். இடுப்பையும் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

ஈரமணலிலோ தண்ணீர் வடிந்த வயல் வரப்பிலோ நடக்கவிட்டால் இன்னொரு சாட்சி கிடைக்கும். எடை போடாத காலின் தடம் ஆழம் குறைவாக விழும். நல்ல காலின் தடத்தில் விரல்கள் விரிந்து அழுந்தியிருக்கும். பெரிய ஆராய்ச்சி நிலையங்களில் எடை அளக்கும் தட்டின் மேல் நடக்கவிட்டு இதைத்தான் கணக்கெடுக்கிறார்கள்.

செல்போன் இருந்தால் படம் பிடியுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம், பின்னாலிருந்து கொஞ்சம், காலையில் படுக்கையிலிருந்து எழும்போது கொஞ்சம். மெதுவாக ஓடும்படி வைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பியது தெரியும். மருத்துவருக்கும் அதைக் காட்டலாம். நொண்டலுக்கு மருத்துவர்கள் மதிப்பெண் போடுவதுண்டு. ஒரு முறையில், நொண்டலே இல்லை என்றால் 0. ஓடும்போது மட்டும் தெரிந்தால் 1. நடக்கும்போது லேசாகத் தெரிந்தால் 2. பளிச்சென்று தெரிந்தால் 3. விரல் நுனியை மட்டும் ஊன்றினால் 4. காலைத் தரையில் வைக்கவே இல்லை என்றால் 5. காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் இந்த எண்ணை எழுதிவைத்தால் நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். பால் கணக்கு எழுதுகிற வீட்டில் இது ஒரு வேலையே இல்லை.

கையால் பார்க்கும் முறை

வீட்டு நாயாகவே இருந்தாலும் வலிக்கிற இடத்தைத் தொட்டால் கடிக்கும். மெல்லிய துணிப்பட்டையால் வாயைக் கட்டி, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கும் நாய்க்கும் வாந்தி எடுக்கும் நாய்க்கும் வாய் கட்டக் கூடாது.

நல்ல காலில் ஆரம்பித்து, பிறகு வலிக்கிற காலுக்கு வாருங்கள். பாதத்திலிருந்து மேலே போக வேண்டும். நம் பகுதியில் திடீர் நொண்டலுக்குப் பாதியளவு காரணம் பாதத்திலேயே இருக்கும் என்பது என் அனுபவம். கரும்பு வெட்டிய தோட்டத்துக் கட்டை, வேலிக்கருவை முள், சவுக்குத் தோப்பில் கிடக்கும் ஆணி, பாட்டில் சில்லு. விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள். நகம் பிளந்திருக்கிறதா? உண்ணி கூடு கட்டியிருக்கிறதா? முள்ளை எடுத்தால் முடிந்துபோகிற நொண்டலுக்கு மூட்டு மாத்திரை எதற்கு?

பாதம் சுத்தமாக இருந்தால் மூட்டுகள். பின்னங்காலில் பின்பக்கமாக வளைந்து தெரிவதைப் பலர் முழங்கால் என்கிறார்கள். அது நம் குதிகாலுக்குச் சமம். உண்மையான முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. இரண்டு முழங்காலையும் ஒரே நேரத்தில் இரண்டு கையால் பிடித்துப் பாருங்கள். ஒன்று தடித்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா? மெதுவாக மடக்கி நீட்டும்போது நறநறவென்று கைக்குத் தட்டுப்படுகிறதா, நாய் திரும்பிப் பார்க்கிறதா? அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள், முரட்டுத்தனமாக முறுக்க வேண்டாம். தையல்காரர் டேப்பால் இரண்டு தொடையையும் ஒரே உயரத்தில் சுற்றி அளந்தால், பல வாரமாக எடை போடாத கால் இளைத்திருப்பது தெரியும்.

மூட்டுத் தேய்மானமா, வேறா?

வயதான நாயின் மூட்டுத் தேய்மானத்துக்கு ஒரு தனி நடை உண்டு. படுத்து எழுந்ததும் விறைப்பாக இருக்கும். பத்து இருபது அடி நடந்தால் இளகிவிடும். அன்றைக்கு அதிகம் ஓடினால் மறுநாள் மோசமாகும். மார்கழிப் பனியில் கூடும். திண்ணையில் ஏறத் தயங்கும். வாசகரின் நாய்க்கு வயதும் அறிகுறியும் இதற்குப் பொருந்துகின்றன. உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர்.

இதற்கு மாறானவையும் உண்டு. ஓடிக்கொண்டிருந்த நாய் 'வீல்' என்று கத்திப் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டால், பிறகு உட்காரும்போது அந்தக் காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டே உட்கார்ந்தால், முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கலாம். பொமரேனியன் போன்ற சின்ன நாய் நாலு அடி காலைத் தூக்கிக் குதித்துவிட்டுப் பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓடினால், முழங்கால் சில்லு நழுவி நழுவித் திரும்புகிறது என்று அர்த்தம். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு குட்டி ஒரு வயதுக்குள்ளேயே முயல்போல இரண்டு பின்னங்காலையும் சேர்த்து வைத்து ஓடினால், இடுப்புக் கிண்ணம் சரியாக அமையவில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

கால் மாறி கால் நொண்டுகிறதா? நேற்று முன்னங்கால், இன்று பின்னங்கால் என்று மாறி, காய்ச்சல், சோர்வு, சில நேரம் மூக்கில் ரத்தம் என்றால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நம் ஊர் நாய்களுக்கு இது சாதாரணமாக வருகிறது. ரத்தப் பரிசோதனையில் தெரியும். மூன்று, நான்கு வாரம் தொடர்ந்து மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். நாய் தெளிந்துவிட்டது என்று பத்தாம் நாள் நிறுத்திவிட்டால் திரும்பி வரும். உண்ணியை ஒழிக்க வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை நாயின் மேல் ஊற்றுகிறவர்களுக்கு எங்கள் துறை சார்பாகவே சொல்கிறேன்: நக்கியே செத்துப்போகும். உண்ணிக்கென்று இருக்கும் மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

குட்டிகளின் கால் வளைவது தனிக் கதை. வெறும் சோறும் குழம்பும் போட்டு வளர்த்த குட்டிக்கும், கறிக்கடைக் கழிவுச் சதையை மட்டும் போட்டு வளர்த்த குட்டிக்கும் சுண்ணாம்புச் சத்து போதாது. சதையில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு மிகக் குறைவு. உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும். எலும்பு மெலிந்து, திண்ணையிலிருந்து குதித்ததற்கே முறியும். அதற்காகப் பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் டானிக்கை அளவில்லாமல் ஊற்றுவதும் தவறு. அதுவும் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும்.

காலைத் தரையில் வைக்கவே இல்லை, கோணலாகத் தொங்குகிறது, மூட்டு சூடாக வீங்கிக் காய்ச்சலும் இருக்கிறது, இரண்டு பின்னங்காலும் விழுந்துவிட்டன என்றால் அன்றைக்கே போக வேண்டும். லேசான நொண்டலுக்கு, இரண்டு மூன்று நாள் கட்டிப்போட்டு ஓய்வு கொடுத்தும் தீரவில்லை என்றால் போகலாம். முதலில் பக்கத்துக் கால்நடை மருந்தகம். எக்ஸ்ரே, அறுவை சிகிச்சை என்று வந்தால் கடலூர்ப் பக்கத்தவருக்குப் புதுச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் அருகில் இருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் உண்டு. எக்ஸ்ரேயில் தேய்மானம் பெரிதாகத் தெரிந்தும் நன்றாக நடக்கிற நாய் உண்டு. படம் சுமாராக இருந்தும் வலியில் துடிக்கிற நாய் உண்டு. அதனால்தான் வீட்டில் எடுத்த நடைப்படத்துக்கு மதிப்பு.

எடை குறைந்தால் வலி குறையும்

தேய்ந்த மூட்டு பழையபடி ஆகாது. ஆனால், அந்த நாயால் இன்னும் பல வருடம் பட்டி காக்க முடியும். முதல் மருந்து எடைதான். அமெரிக்காவில் பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டியிலிருந்து ஜோடி ஜோடியாக வளர்த்தது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு 25 சதவிகிதம் குறைவான தீனி. 2002-ல் வெளியான முடிவின்படி, குறைவாகத் தின்றவை ஏறத்தாழ 2 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது. ஏற்கெனவே நொண்டும் குண்டு நாய்களை வைத்துச் செய்த வேறொரு ஆய்வில், எடையில் 6 சதவிகிதத்துக்குச் சற்று மேல் குறைந்ததுமே நொண்டல் குறைந்தது. 20 கிலோ நாய்க்கு அது ஒன்றேகால் கிலோதான். விலாவில் கைவைத்தால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. கருத்தடை செய்த நாய்க்கும் டைல்ஸ் வீட்டில் பிஸ்கட் தின்று வளரும் நாய்க்கும் இதை அவசியம் பாருங்கள்.

டைல்ஸ் என்றதும் நினைவு வருகிறது. புது வீடு கட்டியவர்கள் வழுக்கும் தரையில் நாய் நடக்கும் வழியில் சாக்கு விரித்துவிடுங்கள். மழைக்காலத்தில் ஈர சிமென்ட்டில் படுக்கவிடாமல், பலகையின் மேல் சாக்கும் வைக்கோலும் போடலாம். வாரத்தில் ஒருநாள் ஐந்து கிலோமீட்டர் என்பதைவிட, தினமும் மூன்று வேளை பத்துப் பத்து நிமிடம் நடத்துவது மேல். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட வரும் கீதாரிகளோடு ஊர் ஊராக நடக்கிற நாய்களில் வயதானவற்றை, ஒருநாள் விட்டு ஒருநாளாவது கிடையிலேயே கட்டிப்போடுவது நல்லது. நீச்சல் மூட்டுக்கு எடையில்லாத பயிற்சி. சரிவான கரையுள்ள குளமாகப் பார்த்து இறக்கலாம். சிதம்பரத்துக்குத் தெற்கே பழைய கொள்ளிடத்து ஓரத்துக்காரர்கள் மட்டும் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். வேளக்குடி, பழையநல்லூர் பக்கமெல்லாம் முதலை நடமாட்டம் இருப்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

'விளக்கெண்ணெய் தேய்க்கலாமா, தைலம் போடலாமா?' என்று இன்னொரு வாசகி கேட்டிருக்கிறார். தைலம் வேண்டாம். நாய் நக்கிவிடும், கற்பூரமும் புதினா உப்பும் வயிற்றுக்குள் போனால் வேறு வம்பு. பழைய விறைப்புக்கு, வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, முதலில் உங்கள் முழங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, மூட்டின் மேல் பத்து நிமிடம் வைக்கலாம். புதிதாக அடிபட்டு வீங்கிய இடத்துக்கு வெந்நீர் ஆகாது; ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். ஒத்தடத்துக்குப் பிறகு மூட்டைச் சுற்றியுள்ள சதையைக் கையால் மெதுவாக நீவிவிட்டால் போதும், எண்ணெய் தேவையில்லை.